முதலாளியின் இடது காது

1

இந்தக் கதை எனக்கு அக்கா வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் கிடைத்தது. முகத்தைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றது. தண்ணீர் குடிக்கப் போன நான், கதவு எதிலோ இடிப்பதைக் கண்டு குனிந்து திருப்பினேன். படத்துக்குள்ளிருந்து ஒரு கறுப்பு நாய் என்னை நிமிர்ந்து பார்த்தது.

"அதை ஏன்டா திருப்புற?" என்றாள் அக்கா, அடுப்பைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

"யாருக்கா இது?"

"முதலாளி."

"யாருக்கு முதலாளி?"

"சலூனுக்கு. செத்துப் போயிட்டாரு. நீ தண்ணியைக் குடிச்சிட்டு அவரை அப்படியே திருப்பி வை."

திருப்பி வைத்தேன். மாலைவரை அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. எங்களுக்குள் அது வழக்கம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஒரு புத்தகத்தோடு அவள் வீட்டுக்குப் போவேன். அவள் மேசையில் வரைவாள், நான் ஜன்னலோர நாற்காலியில் படிப்பேன். மூன்று மணி நேரத்தில் நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு வாயாடிவிட்டோம் என்று கணக்கு. ஆனால் அன்று அவள் வரையவில்லை. தூரிகைகள் தம்ளரில் நின்றன. தொட்டுப் பார்த்தேன். நார் நாராக உலர்ந்திருந்தன. மூன்று வாரமாக அவற்றில் தண்ணீர் படவில்லை.

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்த உலர்ந்த தூரிகைகளைத் தொட்ட கணத்தில் எனக்கு முதலில் வந்தது கவலை இல்லை. 'இதில் ஒரு கதை இருக்கிறது' என்ற எண்ணம்தான் வந்தது. கவலை இரண்டாவதாக வந்தது. அதுவும், நல்ல பிள்ளையாக, கொஞ்சம் தாமதித்து.

2

எழுதி விட்டுவிட்ட தொடக்கங்கள்:

கணவனை இழந்த அவளுக்கு வாயில்லா ஜீவன்களே துணையாகிப் போன ஒரு காலத்தில்—

(இதை நான் எழுதிக்கொண்டிருந்தபோது அத்தான், அதாவது அக்காவின் கணவர், பக்கத்து அறையில் உரக்கக் கொட்டாவி விட்டார். லிப்ட் மெக்கானிக். இரண்டு நாள் கழித்து எப்படியோ காகிதத்தைப் பார்த்துவிட்டார்.

"மாப்ளே, நான் எதுல செத்தேன்?"

"மாரடைப்புல, அத்தான்."

"சே. இருபத்தஞ்சு வருஷம் லிப்ட் குழிக்குள்ள ஏறி இறங்குறவனை மாரடைப்புல போட்டுத் தள்ளிட்டியே. ஒரு கயிறாவது அறுந்திருக்கக் கூடாதா? தொழிலுக்கு ஒரு மரியாதை வேணாமா?"

அவரை உயிரோடு எழுப்பிவிட்டேன். கதைக்கு அது நஷ்டம் என்று அப்போது நினைத்தேன்.)

ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அவள் அழுதாள். வெளியே மழையும்—

(ஓரத்தில் அக்காவின் பென்சில்: 'நான் எப்போ அழுதேன்? மழை எப்போ பெய்தது?')

என் அக்கா ஒரு விலங்கு மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள்.

இந்த வாக்கியத்தில் மட்டும் பென்சில் படவில்லை. ஆகவே இங்கிருந்து தொடங்குகிறேன்.

3

முதன்முறை வரும் ஒவ்வொரு பிராணிக்கும் அங்கே ஓர் அட்டை போடுவார்கள். வயது, எடை, ஊசி போட்ட தேதி. அவற்றுக்குக் கீழே அச்சடித்த மூன்று கோட்டுருவங்கள்: இடப்பக்கம், வலப்பக்கம், முகம். எங்கே புள்ளி, எங்கே தழும்பு, எந்தக் காலில் வெள்ளை என்று அந்த உருவத்தின்மேல் குறிக்க வேண்டும். ஒரே மாதிரி இரண்டு நாய்கள் ஒரே நாளில் வந்தால் ஒன்றின் ஊசி மற்றதற்குப் போய்விடக் கூடாது அல்லவா? அந்தக் குறிக்கும் வேலை அக்காவுடையது.

சேர்ந்த அன்று டாக்டரம்மா அவளுக்கு ஒரே ஒரு விதி சொன்னார். "இடதுன்னா நாயோட இடது. உங்க இடது இல்ல. உங்க இடது எதுன்னு இங்க யாரும் கேக்கல."

அக்கா அதை வீட்டில் சொல்லி ஒரு வாரம் சிரித்தாள். பிறகு சிரிப்பு போய் விதி தங்கிவிட்டது. எதிரே நிற்கும் பிராணிக்குள் ஒரு நிமிடம் போய் நின்று, அதன் கண் வழியாக வெளியே பார்த்து, பிறகுதான் பேனாவை வைப்பாள். பதினோரு வருடம், ஏறக்குறைய நாலாயிரம் பிராணிகள். ஒரு புள்ளிகூடப் பக்கம் மாறியதில்லை. இதை அவள் எப்போது சொன்னாலும் முதுகைச் சற்று நிமிர்த்திக்கொண்டு சொல்வாள்.

தொல்லை அச்சடித்த நாயிடம் இருந்தது. அதற்குக் கூர்மையான காது, தூக்கிய வால், திருடனைக் கண்டதுபோன்ற முறைப்பு. காது தொங்கும் நாய், வாலே இல்லாத நாய், பயந்தாங்கொள்ளி நாய் எல்லாம் அந்த ஒரே உடுப்புக்குள் நுழைய வேண்டும். ஆமைக்கு அட்டையே கிடையாது. ஓட்டில் விரிசலோடு வந்த ஓர் ஆமையை, அக்காவுக்கு முன் அந்த மேசையில் இருந்தவர் பூனையின் முதுகில் குறித்துவைத்திருந்தார்.

ஒருநாள், வரிசையில் ஆள் இல்லாத நேரத்தில், அக்கா நீலப் பேனாவால் அச்சு நாயின் காதுகளை மடக்கினாள். எதிரில் இருந்த நாயின் காது மடங்கியிருந்தது, அவ்வளவுதான் காரணம். அடுத்த வாரம் ஒரு வாலை இறக்கினாள். ஒரு வருடத்தில் அச்சுக் கோட்டைக் கண்டுகொள்வதையே விட்டுவிட்டாள்.

"யாரு இந்தக் காதை மடக்கினது?" என்று டாக்டரம்மா அட்டையோடு வெளியே வந்தார். அக்கா எழுந்து நின்றாள். டாக்டரம்மா அட்டையை வெகுநேரம் பார்த்தார். "இந்த நாயை எனக்குத் தெரியுது" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அடுத்த முறை அச்சகத்திலிருந்து வந்த அட்டைகளில் நாய் இல்லை, பூனை இல்லை. மூன்று வெற்றுக் கட்டங்கள் மட்டும் இருந்தன. அக்கா ஒரு அட்டையைக் கைப்பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துவந்து எங்களிடம் காட்டினாள். காலியான மூன்று கட்டங்களை ஒரு மனுஷி அவ்வளவு பெருமையோடு காட்டி நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"என்னடி இது, ஒண்ணுமே இல்ல?" என்றார் அத்தான்.

"ஆமா. எல்லாம் நான்தான் போடணும்" என்றாள்.

அதற்குப் பிறகு வீட்டிலும் வரைந்தாள். எக்ஸ்ரே படங்கள் வரும் பழுப்பு உறைகள் நல்ல தடிமன். வேண்டாமென்று போடுபவற்றைப் பிரித்து, தட்டையாக்கி, அவற்றின்மேல் வண்ணம் தீட்டினாள். ஆடு, கிளி, மாடு, அந்த விரிசல் விட்ட ஆமை. (ஆமைக்குக் கடைசியில் சொந்த உடம்பு கிடைத்தது.)

ஏன் மிருகங்களை மட்டும் வரைகிறாய் என்று ஒருமுறை கேட்டேன். ஒரு அத்தியாயம் படித்து முடிக்கும்வரை அவள் பதில் சொல்லவில்லை. பிறகு, "வீட்டுல யாரு என்னைப் பாத்தாலும் எதையாவது கேப்பீங்க. சட்டை எங்க, சாவி எங்க, சாப்பாடு ஆச்சா. அதுங்க ஒண்ணும் கேக்காது. சும்மா பாக்கும். நானும் சும்மா பாப்பேன். அப்படிப் பாத்துப் பாத்துத்தான், எனக்குப் பாக்கத் தெரியும்னு எனக்கே தெரிஞ்சுது" என்றாள்.

நான் படித்த எத்தனையோ புத்தகங்களில் 'தன்னை அறிதல்' என்று வருகிறது. இவ்வளவு சுருக்கமாக எதிலும் வந்ததில்லை. இதற்குமேல் ஒன்றும் சேர்க்காமல் விடுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பதை வாசகர் உணர வேண்டும்.

4

இனி நாய்.

மருத்துவமனைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சலூன். ஒரே நாற்காலி, ஒரே ஆள். அந்த ஆளோடு பன்னிரண்டு வருடம் ஒரு கறுப்பு நாய் இருந்தது. பெயர் முதலாளி. ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்து, வேலை செய்கிறவனை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்ததால் வந்த பெயர். இரண்டு வருடத்துக்கு முன் ஏதோ சண்டையில் காது கிழிந்தது. டாக்டரம்மா தையல் போட்டார். தையல் பிரித்த பிறகும் நுனியில் இலையைப் பூச்சி கடித்ததுபோல ஒரு பிளவு நின்றுவிட்டது. அக்கா அட்டையில் குறித்தாள்: இடது காது, நுனி, பிளவு.

முதலாளி மூப்பில் இறந்து ஒரு மாதம் கழித்து சலூன்காரர் மருத்துவமனைக்கு வந்தார்.

"அவரோட அட்டையைக் குடுப்பீங்களாம்மா? அதுல அவரு படம் இருக்குல்ல."

"அட்டையைக் குடுக்க முடியாதுங்க. உங்ககிட்ட போட்டோ இல்லையா?"

"நூறு போட்டோ இருக்கு. கறுப்பு நாய்மா. எதுல பாத்தாலும் ரெண்டு கண்ணுதான் தெரியுது. மத்ததெல்லாம் யாரோ கரியைப் பூசின மாதிரி."

அக்கா ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு, வாழ்க்கையில் முதல்முறையாக, கேட்காத ஒருவரிடம் அந்த வார்த்தையைச் சொன்னாள்: "நான் வரைஞ்சு தரேன்."

கறுப்பு நாயை வரைய அவள் கறுப்பு டியூபைத் திறக்கவே இல்லை. நீலம், காவி, கொஞ்சம் ஊதா. தோளில் வெயில் விழும் இடத்தில் செம்பு. முகவாயில் நரை. நேருக்கு நேர் நிமிர்ந்த முகம். காதின் பிளவில், ரத்த நரம்பு தெரியும் மெல்லிய தோலுக்கு மட்டும் ஆறு நாள் எடுத்துக்கொண்டாள். முடித்து, கீழே மூலையில், அதுவரை எந்தப் படத்திலும் செய்யாத ஒன்றைச் செய்தாள். தன் பெயரை எழுதினாள்.

5

(இந்தப் பகுதியில் அக்காவின் பள்ளிப் பருவம், அவள் தொடராமல் விட்ட படிப்பு, பெட்டிக்குள் பூட்டிய கனவுகள் ஆகியவற்றை ஐந்து பக்கம் எழுதியிருந்தேன். அக்கா கிழித்துவிட்டாள். "இதெல்லாம் அந்த நாய்க்குத் தெரியுமா? தெரியாதுல்ல. அப்ப வேணாம்.")

6

சலூன்காரர் படத்தை வாங்கிக்கொண்டு போனார். நான்காம் நாள் செய்தித்தாளில் சுற்றித் திருப்பிக் கொண்டுவந்தார். மேசைமேல் குழந்தையைப் படுக்கவைப்பதுபோல வைத்தார்.

"கோச்சுக்காதீங்கம்மா. கண்ணு அவருதான். அந்த நரையும் அவருதான். ஆனா காது அந்தப் பக்கம்மா."

"எந்தப் பக்கம்?"

அவர் படத்தில் நல்ல காதைத் தொட்டார். "கிழிஞ்சது இது. நீங்க மாத்திப் போட்டுட்டீங்க. கண்ணாடி பக்கத்துல மாட்டி வச்சு மூணு நாள் பாத்தேன். வேற யாரோ மாதிரி இருக்கும்மா. தொண்டைக்குள்ள மீன்முள்ளு நின்ன மாதிரி."

அக்கா அட்டையை எடுத்துக் காட்டினாள். அவர் அதைப் படித்துவிட்டு, மிக மெதுவாக, அவள் மனம் நோகக் கூடாது என்ற கவனத்தோடு சொன்னார்: "அன்னிக்கே தப்பா எழுதிட்டீங்க போல. பன்னெண்டு வருஷம்மா. தினம் பத்து மணி நேரம். எனக்குத் தெரியாதா?"

கோபித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தக் கனிவுதான் உள்ளே இறங்கிவிட்டது.

டாக்டரம்மா பதிவேட்டைப் பார்த்தார். "நான்தான் தைச்சேன். இடது. அவரு கிடக்காரு, விடுங்க." அத்தான் கேட்டார்: "ஒரு காதுதானே? பாவம் மனுஷன். மாத்திக் குடுத்துட்டா என்ன? ரெண்டு நிமிஷ வேலை."

அக்கா படத்தைக் கதவுக்குப் பின்னால் திருப்பி வைத்தாள். தூரிகைகளைக் கழுவி வைத்தாள். பிறகு எதையும் தொடவில்லை. ஆஸ்பத்திரி அட்டைகளில்கூட, ஒவ்வொரு பிராணியையும் இரண்டு மூன்று முறை திருப்பித் திருப்பிப் பார்த்துக் குறிக்க ஆரம்பித்தாள் என்று பிறகு தெரிந்தது. 'எனக்குப் பாக்கத் தெரியும்' என்ற வாக்கியத்தின் ஒரு கால் ஆடிவிட்டது. பணயமாக இருந்தது ஒரு நாயின் காது இல்லை என்று எனக்குப் புரிந்தது.

புரிந்தும் நான் என்ன செய்தேன்? அதையும் சொல்ல வேண்டும். கதையின் முதல் முழு வரைவுக்கு இப்படி ஒரு முடிவு எழுதினேன்:

அவள் தூரிகையை எடுத்தாள். அன்பின் முன் எது இடது, எது வலது? இரண்டே நிமிடம். காது இடம் மாறியது. சலூன்காரரின் கண்கள் பனித்தன.

அழகாக இருக்கிறது என்று நினைத்தேன். அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். படித்து முடித்துக் காகிதங்களைத் தட்டி ஒழுங்காக்கி மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே யாரோ சைக்கிளை ஸ்டாண்டு போட்டார்கள், எடுத்தார்கள், போனார்கள்.

"நீயும் மாத்தச் சொல்றியா?" என்றாள் கடைசியில்.

"கதையிலதானேக்கா?"

"கதையிலதான் என்னை நாலு பேரு பாக்கப் போறாங்க."

மறுநாள் மதியம் அட்டையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, சலூன்காரரிடம் நேரடியாக வாதாடி முடித்துவிடுவது என்று அவள் கிளம்பிப் போனாள். என் மோசமான முடிவு செய்த ஒரே நல்ல காரியம் அது.

7

நான் அங்கே இல்லை. அவள் சொன்னதிலிருந்து எழுதுகிறேன். அலங்காரம் ஏதாவது தென்பட்டால் அது என்னுடையது, தயங்காமல் அடித்துவிடுங்கள்.

நாற்காலியில் ஒருவர் வெள்ளைத் துணிக்குள் உட்கார்ந்திருந்தார். எதிர்ச் சுவர் முழுக்கக் கண்ணாடி. பின்சுவரை ஒட்டிக் காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. பெஞ்சின் ஓரத்தில், தரையில், நாலாக மடித்த ஒரு சாக்கு.

"வாங்கம்மா, உக்காருங்க. படம் கொண்டு வந்தீங்களா?"

"இல்ல. அட்டை கொண்டு வந்திருக்கேன்."

"அட்டையா..." அவர் சிரித்துக்கொண்டார். "இருங்க, இவரை முடிச்சிடுறேன்."

அக்கா உட்கார்ந்தாள். கத்தரி பேசியது, அவரும் பேசினார். ஊருக்குப் போய்விட்டு நேற்றுத்தான் வந்தாராம். கடை திறக்கவே மனமில்லையாம். "இன்னும் சாக்கை எடுக்கலம்மா. அங்கதான் படுத்திருப்பாரு. தலையைத் தூக்கி என்னையே பாத்துட்டு. நானும் அவரைப் பாத்துட்டேதான் வெட்டுவேன்."

'அங்கதான்' என்று சொன்னபோது அவர் சீப்பால் காட்டினார். சீப்பு கண்ணாடியை நோக்கி நீண்டது.

அக்கா அந்தச் சீப்பைப் பார்த்தாள். அவள் வந்து கால் மணி நேரமாக அவர் அவளோடு பேசிக்கொண்டிருக்கிறார். தலையாட்டுகிறார், சிரிக்கிறார், அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிறார். ஆனால் ஒருமுறைகூட அவள் பக்கம் திரும்பவில்லை. எல்லாம் கண்ணாடியில்.

அவள் பெஞ்சில் நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்குப் போனாள். சாக்குக்கு மேலே, நாய் பார்த்திருக்கும் திசையைப் பார்த்து உட்கார்ந்தாள். நாலாயிரம் முறை செய்ததைப்போல அதற்குள் போய் நின்றாள். பிறகு தன் இடக்கையைத் தூக்கித் தன் இடது காதின் நுனியைப் பிடித்தாள். கண்ணாடியில் இருந்த பெண்மணியோ வலது காதைப் பிடித்திருந்தாள்.

"என்னம்மா, காது வலியா?" என்றார் சலூன்காரர், கண்ணாடியிடம்.

"இல்ல" என்றாள் அக்கா. "இப்ப சரியாப் போச்சு."

அட்டையை வெளியே எடுக்காமலே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

8

இந்த இடத்தில் வாசகர் கேட்பார்: பன்னிரண்டு வருடம் வளர்த்தவர் நாயை ஒருமுறைகூட நேரில் பார்த்திருக்க மாட்டாரா? நானும் கேட்டேன்.

"பாத்திருப்பாரு. சோறு போடுறப்ப அது தலையைக் குனிஞ்சிருக்கும். தெருவுல நடக்குறப்ப பின்னாடி வரும். உக்காந்து முகத்துக்கு முகம் பாத்தது கண்ணாடியிலதான்" என்றாள். நான் நம்பாத முகத்தோடு இருந்திருக்க வேண்டும். "சரி, உன் பொண்டாட்டி கன்னத்துல ஒரு மச்சம் இருக்கே, எந்தக் கன்னம்?"

நான் வாயைத் திறந்தேன். மூடினேன். இருபத்திரண்டு வருடம்.

(வீட்டுக்குப் போனதும் பார்த்தேன். "என்ன புதுசா இப்படிப் பாக்குறீங்க, ஏதாவது தப்புப் பண்ணிட்டீங்களா?" என்றாள் மனைவி. வலது கன்னம். அவளுடைய வலது.)

எனக்கோ ஒரே உற்சாகம். அன்றே உட்கார்ந்து எழுதினேன்: ஆக, இருவர் சொன்னதும் உண்மையே. உண்மைக்கு இரண்டு—

பென்சில் குறுக்கே பாய்ந்தது. "ரெண்டு பேரும் சரின்னு எழுதாதே. நான்தான் சரி. அவரு பாத்தது கண்ணாடியை."

"கொஞ்சம் பணிவா இருந்தா கதைக்கு நல்லதுக்கா."

"பணிவா இருந்த காலத்துல யாரும் என்னை வச்சுக் கதை எழுதலையே."

அத்தான் உள்ளேயிருந்து கைதட்டினார். நான் திரும்பத் திரும்பச் சேர்க்க முயன்ற விதவைக் கோலம், மழை, கனவுப் பெட்டி, பணிவு எல்லாவற்றையும் யோசித்தேன். என் அச்சகத்திலும் ஒரு கோட்டுருவம் தயாராக இருந்திருக்கிறது. வருகிற பெண்களையெல்லாம் அதன்மேல்தான் குறித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இருந்தும் பழக்கம் விடவில்லை. முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) அவருக்காக அக்கா இன்னொரு படம் வரைகிறாள், காதை மாற்றி. — "அவருக்கு நாயைக் குடுக்கணுமா, கண்ணாடியைக் குடுக்கணுமா?"

(ஆ) அக்கா அவருக்கு எல்லாவற்றையும் விளக்குகிறாள். அவர் நெற்றியில் அறைந்துகொள்கிறார். — "செத்த நாய்க்காக அழுதுட்டு இருக்குறவருக்குப் பாடம் எடுக்கச் சொல்றியா?"

(இ) படம் கதவுக்குப் பின்னாலேயே—

இதை எழுதிக்கொண்டிருந்தபோது அத்தான் தன் கருவிப் பையைக் குடைந்துகொண்டு கத்தினார்: "ஏய், என் சுத்தியலை யாரு எடுத்தது?"

கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். சுவர் மட்டும் இருந்தது.

9

நடந்ததாக அக்கா சொன்னது இவ்வளவுதான்.

சலூனில் ஒருவருக்கு முகச்சவரம் நடந்துகொண்டிருந்தது. அவள் உள்ளே போய், "கொஞ்சம் சத்தம் வரும்" என்றாள். பின்சுவரில், சாக்குக்கு நேர் மேலே, உட்கார்ந்த நாயின் தலை எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில், ஆணியை வைத்து நாலு அடி அடித்தாள். முதல் அடியில் சவரம் நின்றது. படத்தை மாட்டினாள். ஒரு பக்கம் சாய்ந்திருந்ததை விரலால் சரிசெய்தாள். ஒரு புள்ளியைக்கூட அவள் மாற்றியிருக்கவில்லை.

"அப்புறம்?"

"அப்புறம் வந்துட்டேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"கைல கத்தி இருந்துச்சு. பேசுற நேரமா அது?"

"பாத்தாரா இல்லையா?"

அக்கா மேசைப் பக்கம் குனிந்தாள். மேசையில் புதிதாக ஒரு பழுப்பு உறை விரித்திருந்தது. அதில் ஓர் எருமையின் கொம்பு பாதிவரை வந்திருந்தது. தம்ளரில் தண்ணீர் கலங்கியிருந்தது.

"நான் எதுக்கு நின்னு பாக்கணும்?" என்றாள், தூரிகையை உறையிலிருந்து எடுக்காமலே. "அது சரியா இருக்குன்னு எனக்குத் தெரியும்."

நான் படிக்கப் போனேன். ஆனால் ஒரே பக்கத்தை நாலு முறை படித்தேன்.

நான் கதை எழுதுகிறவன், எனக்கு முடிவு வேண்டும். மூன்று வாரமாக அந்தத் தெரு வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். என் முடி காதை மூடிவிட்டது. வாசல்வரை போய் மூன்று முறை திரும்பிவிட்டேன். உள்ளே போனால் பார்த்துவிடுவேன். பார்த்தால் எழுதிவிடுவேன். எழுதினால் அவர் கண்களைப் பனிக்கவைக்காமல் இருக்க என் கைக்குத் தெரியாது.

அதனால் நீங்கள் போங்கள். உங்களுக்கும் முடி வளர்ந்துதான் இருக்கும்.

ஒரே நாற்காலி. உட்காருங்கள். வெள்ளைத் துணியை உதறிக் கழுத்தில் கட்டுவார். தண்ணீர் தெளிப்பார், முதுகில் சிலிர்க்கும். "எப்படி வெட்டணும்?" என்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்பார். கண்ணாடியைப் பார்த்தே சொல்லுங்கள். கத்தரி காதுக்குப் பக்கத்தில் வேலை செய்யும்போது தலையை ஆட்டாதீர்கள், திரும்பிப் பார்க்கவும் முயலாதீர்கள். தேவையில்லை. உங்கள் தோளுக்கு மேலே, அவர் கைக்கு அப்பால், பின்சுவரில் ஏதாவது இருந்தால் இருந்த இடத்திலிருந்தே கண்ணாடியில் தெரியும். மூலையில் ஒரு பெயர் இருந்தால் அது மட்டும் இடவலம் மாறிப் புரியாமல் போகலாம். அது அவருக்காக எழுதப்பட்டதில்லை.

கத்தரி சட்டென்று நின்றால், அவர் எதைப் பார்க்கிறார் என்று நீங்களும் பாருங்கள். காதின் நுனியில் பிளவு தெரியும்.

எந்தப் பக்கம் என்று எனக்குச் சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியும். அவர் வாயிலிருந்து வருவது எதுவானாலும் அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.